நாலரைக்குத் திறக்கும் கொட்டகை: உங்கள் ஏரியாவில் பசங்களுக்கு ஒரு கேரம் மன்றம் நடத்துவது எப்படி

வடசென்னை காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. கடைக்கு எதிரே ஹவுசிங் போர்டு தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே தகரம் போட்ட ஒரு கொட்டகை, அதில் நாலு கேரம் போர்டு. 2011-லிருந்து தினமும் சாயங்காலம் நாலரைக்கு அதைத் திறந்து, எட்டே முக்காலுக்குப் பூட்டுகிறேன். "எங்க ஏரியாவுலயும் பசங்க கையை விட்டுப் போறாங்க அக்கா, இது மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கணும், எப்படின்னு சொல்லுங்க" என்று இந்த ஆண்டு மூன்று இடங்களிலிருந்து வந்து கேட்டார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் தம்பி 14 வயதில் பஞ்சர் கடை சொல்யூஷனை மோந்து போதையை ஆரம்பித்தான். 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்குப் புத்தி சொல்லாத ஆளே எங்கள் தெருவில் இல்லை. அப்பா அடித்துப் பார்த்தார், அம்மா மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள், வாத்தியார் எழுதி வாங்கினார். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ராத்திரி சோற்றுக்கு வரும்வரை அவன் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போர்டுக்கு முன்னால் ஒரு நோட்டு

எதையும் வாங்குவதற்கு முன் பத்து நாள் தெருவில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். 40 பக்க நோட்டு ஒன்றில் எழுதுங்கள்: எந்த மூலை, எத்தனை மணி, எத்தனை பேர், பார்த்தால் என்ன வயது. பெயர் எழுத வேண்டாம். அந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் ஒரு பையனுக்கும் கேடு வரக் கூடாது.

எங்கள் தெருவில் நான் எழுதியபோது ஒரு விஷயம் புரிந்தது. தெருவில் நிற்கிற பையனின் அம்மா விடிகாலை மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குப் போனவள். சாயங்காலம்தான் அவளுக்குத் தூக்கம். வீடு ஒரே அறை. அவள் கண்ணை மூட வேண்டுமானால் பையன் வெளியே போயாக வேண்டும். பாசமுள்ள பையனே முதலில் வெளியே வருகிறான், அம்மா தூங்கட்டும் என்று. அவனைத்தான் ஊர் 'தெருப் பொறுக்கி' என்கிறது.

ஆறு மணிக்கு மேல் பெரிய பசங்க பைக்கில் வருவார்கள். ஒரு ரவுண்டு கூட்டிப்போவார்கள், ஒரு நாள் பிரியாணி, இன்னொரு நாள் போனுக்கு ரீசார்ஜ். ரெண்டு வாரம் கழித்து, "இந்தக் கவரை அந்த அண்ணன்கிட்ட குடுத்துட்டு வாடா" என்பார்கள். கஞ்சாப் பொட்டலமும் போதை மாத்திரையும் அவன் வாய்க்கு வருவது அதற்கும் அப்புறம்தான். 12 வயதில் அவனை இழுத்துக்கொண்டு போவது பசியும், 'என்னையும் ஒருத்தன் மதிச்சு வண்டியில ஏத்தினான்' என்கிற கெத்தும். நீங்கள் நடத்தப்போகும் இடத்தில் இந்த இரண்டும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் எத்தனை போர்டு போட்டாலும் ஒரு மாதத்தில் காலியாகிவிடும்.

பிள்ளைகளின் சாயங்காலத்துக்கு இடம் கொடுக்கிற இந்த வேலையை நாடு முழுக்கச் செய்து கணக்குக் காட்டியவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அங்கே 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரே மாதத்தில் குடித்து போதை ஏறியவர்கள். 2016-ல் அது 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. பள்ளியில் பெயர் போடாத கேள்வித்தாள் கொடுத்து நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் நகராட்சியே குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. குளிர்காலத்தில் 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் ராத்திரி 10 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்தப் பணம் நம்மிடம் இல்லை. சாயங்காலம் நம்மிடமும் இருக்கிறது.

இடம், போர்டு, சுண்டல்

குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கவுன்சிலரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். திறப்பு விழா வைக்காதீர்கள். விழா வைத்தால் பேனர் வரும், பேனர் வந்தால் படம் வரும். எந்தக் கட்சிக் கொடியும், எந்த நடிகர் படமும் உள்ளே மாட்டக் கூடாது. ஒரு படம் ஏறினால் பாதிப் பசங்க வாசலோடு நின்றுவிடுவார்கள்.

கேரம்தான் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. வியாசர்பாடியில் ஃபுட்பால் இதே வேலையைச் செய்கிறது, இன்னும் சில தெருக்களில் பாக்ஸிங். எங்களிடம் மைதானம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவே குளமாகிவிடும். கூரைக்கு அடியில் ஆடுகிற ஆட்டம்தான் எங்களுக்குச் சரிப்பட்டது. அதோடு வடசென்னைப் பிள்ளைக்குக் கேரம் சொந்தச் சொத்து. 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனாகி, 1996-ல் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் உலகச் சாம்பியனான இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்களைப் பற்றிப் பசங்களிடம் பேசுங்கள். 'நம்மள மாதிரி வீட்டுல இருந்துதான் போயிருக்காங்க' என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

போர்டு வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பொம்மைக் கடை போர்டில் ரெண்டு நாளில் ஆட்டமும் கெடும், மரியாதையும் போகும். 29 அங்குல ஆட்டப் பரப்பு உள்ள போட்டி போர்டாக வாங்குங்கள். எங்கள் முதல் நல்ல போர்டுக்கு நான் கொடுத்தது 6,500 ரூபாய். ஸ்டாண்டைப் பக்கத்து வெல்டரிடம் அடித்துக்கொள்ளலாம். போர்டுக்கு நேர் மேலே, மூடி போட்ட பல்பு ஒன்று தாழ்வாகத் தொங்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் நின்று ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது ஒரு பையன் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். சுற்றி நிற்கிற பத்துப் பேரும் அவன் விரலைத்தான் பார்க்கிறார்கள். அவன் தேடிக்கொண்டிருந்த கெத்து அங்கே கிடைக்கிறது.

திறந்தவுடன் சுண்டல். பட்டாணியோ கொண்டைக்கடலையோ, ஒன்றரைக் கிலோ ஊறப் போட்டால் 35 பேருக்குக் காணும். சுண்டலை முடித்து ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம், அப்புறம்தான் காய் அடுக்கலாம். பள்ளிக்குப் போகாத பையன் அந்த ஒரு மணி நேரம் போர்டு துடைப்பான், பவுடர் சலிப்பான், சின்னவனுக்கு வாய்ப்பாடு கேட்பான். மாதச் செலவு எனக்கு 5,000 ரூபாய்க்குள் முடிகிறது. போட் ஓனர் ரெண்டு பேரும், மளிகைக் கடைக்காரரும், ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவரும் தருகிறார்கள். வரவு செலவைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

யாரிடம் பணம் வாங்கக் கூடாது என்பதும் முக்கியம். எங்கள் மூன்றாவது வருடத்தில் ஒருவர் வந்து, "பசங்களுக்கு டி-ஷர்ட் நான் அடிச்சுத் தரேன், உங்க பேரே போட்டுக்கோங்க" என்றார். அவர் என்ன விற்கிறார் என்று தெருவுக்கே தெரியும். "பெரியவங்களா பார்த்து வேற யாருக்காவது செய்யுங்கண்ணா, எங்களுக்கு இருக்குது" என்று கும்பிடு போட்டு அனுப்பினேன். சண்டை போடவும் இல்லை, ஒரு ரூபாய் வாங்கவும் இல்லை.

பெட்டு

கேரம் மன்றம் நடத்துகிறவர்கள் வெளியே சொல்லத் தயங்குவதை நான் சொல்லிவிடுகிறேன். கவனிக்காமல் விட்டால் கேரம் மன்றமே கெட்ட இடமாகிவிடும். பந்தயம் ஒரு டீக்கு ஆரம்பிக்கும், பத்து ரூபாயாகும், நூறாகும். தோற்றவன் கடன் சொல்வான், கடனுக்காக வேலை செய்வான். நான் பார்த்த ஒரு மன்றத்தில் பீடிப் புகையில் போர்டே தெரியாது. அதனால் எங்களிடம் ஒரு டீக்குக்கூட பெட்டு கிடையாது. கண்டால் அன்று அந்தப் போர்டை மடித்துவிடுவேன். ஆடியவர்களைத் துரத்த மாட்டேன். எல்லோருடைய ஆட்டமும் நிற்பதால் அடுத்த தடவை பசங்களே தடுப்பார்கள். போன் எல்லாம் வாசலில் பிஸ்கட் டப்பாவில். விதிகள் இவ்வளவுதான், இதற்கு மேல் போட்டால் நீங்களே மறந்துபோவீர்கள்.

'கெட்ட பசங்க' என்று பொறுக்கியெடுத்து அவர்களுக்கு மட்டும் தனி நேரம் வைக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்தால் யார் பெரிய ஆள் என்று கதை பேசுவார்கள், அந்தக் கதையே பள்ளிக்கூடம் ஆகிவிடும். படிக்கிறவன், படிக்காதவன், கேஸ் இருக்கிறவன், இல்லாதவன் எல்லோரும் கலந்து ஆடட்டும். ஒவ்வொரு போர்டுக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட ஒருவன் பொறுப்பு. பெண் பிள்ளைகளுக்கு ஒரு போர்டு எப்போதும் ஒதுக்கியிருக்க வேண்டும், அது நடுவில் இருக்க வேண்டும். பெரியவர்கள் எப்போதும் ரெண்டு பேராவது இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது, நானும்தான். சேவை செய்ய வருகிறேன் என்று சொல்பவரை எல்லாம் நம்பிவிடாதீர்கள். அவர் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகே சேருங்கள்.

போட்டுட்டு வருகிறவன்

முதல் வருடம் நான் மூக்கை வைத்து மோப்பம் பிடித்து, எல்லோர் முன்னாலும் "போட்டிருக்கியாடா?" என்று கேட்பேன். "இல்லக்கா" என்பான். அதோடு அந்தப் பேச்சு செத்துவிடும். இப்போது அப்படிக் கேட்பதில்லை. கண் சிவந்து, பேச்சு குழறி ஒருவன் வந்தால் ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஆட வேணாம். சுண்டல் சாப்ட்டு வீட்டுக்குப் போய்ப் படு. நாளைக்கு நாலரைக்கு வா" என்று மட்டும் சொல்வேன். 'நாளைக்கு வா' என்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் கேட்கட்டும். மறுநாள் வந்தால் எதுவும் நடக்காதது போல ஒரு போர்டு கொடுங்கள். ரெண்டு மூன்று நாள் கழித்து, காய் அடுக்கிக்கொண்டே, "ராத்திரி தூக்கம் வருதாடா?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு உண்மை வந்ததெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு: கையில் காசு எப்படி வந்தது என்று தெரியாமல் இருப்பது, சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை, பழைய கூட்டாளிகளை விட்டுவிட்டு எப்போதும் ஒரே ஒரு அண்ணனோடு திரிவது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் அந்தப் பையன் பக்கத்தில் உட்காருங்கள்.

அவனே ஒப்புக்கொண்டு, விட முடியவில்லை என்றால் அது உங்கள் கையை மீறிய விஷயம். மாத்திரைக்கோ குடிக்கோ பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வீட்டில் கட்டிப்போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். நாங்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்குக் கூட்டிப்போகிறோம். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் 2025-ல் தொடங்கப்பட்டிருக்கின்றன. 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். 1980-லிருந்து நடக்கும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. தனியார் மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டிய இடமெல்லாம் நல்ல இடம் இல்லை. எங்கள் பையன் ஒருவன் அப்படி ஓர் இடத்திலிருந்து முதுகில் தழும்போடு திரும்பினான். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று கேளுங்கள். குடும்பத்தார் வந்து பார்க்க விடமாட்டோம் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

பெற்றோர் பயப்படுவது 'ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகிடும்' என்றுதான். 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், உபயோகித்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ மாட்டினால், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. இதை ஒரு அட்டையில் எழுதி உள்ளே மாட்டியிருக்கிறேன்.

போலீஸும் சட்டமும்

கொட்டகையை உளவு பார்க்கும் இடமாக மாற்றிவிடாதீர்கள். ஒரே ஒரு பையனைப் பற்றி நீங்கள் ஸ்டேஷனில் சொன்னதாகப் பேச்சு வந்தால் மறுநாள் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு விற்கிறவனிடம் இரக்கம் வேண்டாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால், 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பிள்ளையை வைத்து விற்றாலோ கடத்தினாலோ 78-ஆவது பிரிவில் அதே தண்டனை. மளிகைக் கடைக்காரருக்கு இதைப் படித்துக் காட்டினேன், கூல் லிப் என்கிற புகையிலைப் பாக்கெட் அன்றே மறைந்தது. புகார் சொல்ல 10581 என்ற எண் இருக்கிறது.

பையனுக்குப் புத்தி வரட்டும் என்று ஸ்டேஷனில் ரெண்டு தட்டுத் தட்டச் சொல்லிப் பெற்றவர்களே கூட்டிப்போவதும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்காவில் 1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறைக்குள் பசங்களைக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டுப் பயமுறுத்தினார்கள். அந்த மாதிரித் திட்டங்களைப் பிற்பாடு ஆராய்ந்து பார்த்ததில், போகாத பசங்களைவிடப் போய்வந்தவர்கள்தான் அதிகம் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். பயம் ஒரு வாரத்தில் போய்விடும். 'நானும் உள்ள போய்ட்டு வந்தவன்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே ஒரு தடவை கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்துக்குப் போய் வந்த பையன், "இனிமே எனக்கு என்னக்கா இருக்கு, கேஸ் விழுந்துடுச்சு" என்பான். அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவைச் சொல்லுங்கள்: 18 வயதுக்குள் நடந்தது பிற்காலத்தில் வேலைக்கோ வேறெதற்கோ தகுதிக் குறைவாகக் கூடாது. 16 வயதுக்கு மேல் செய்த கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டால்தான் விலக்கு. வெல்டர் மாதிரிப் பிரிவுகளில் ஐ.டி.ஐ. சேர 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்து பத்தாவதுக்குப் பின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி என்று சேர்ந்தால், 2024-லிருந்து 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். சொல்லிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று இருக்காதீர்கள். கேரமில் ரெட் காயை எடுத்தவன் அடுத்து ஒரு காயைப் போட்டு ஃபாலோ பண்ணாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்குத்தான் வரும்.

ஏப்ரல் 15

உங்கள் ஏரியாவில் எந்த மாதம் மோசமான மாதம் என்று கண்டுபிடியுங்கள். எங்களுக்கு அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் காசு இருக்காது, அப்பா பகலெல்லாம் வீட்டில் இருப்பார், சண்டை இருக்கும். பள்ளி விடுமுறையும் அதோடு சேரும். 'ஒரு கவரைக் கொண்டு போய்க் கொடு, 500 ரூபாய்' என்று கேட்பவனுக்கு அதுதான் அறுவடைக் காலம். அந்த ரெண்டு மாதமும் நாங்கள் காலை பத்து மணிக்கே திறந்துவிடுவோம். மதியம் தயிர்சாதம். போட்டி, பரிசு எல்லாவற்றையும் இந்த நாட்களுக்கே வைத்துக்கொள்வோம். வருடத்தில் பத்து மாதம்தான் நடத்த முடியும் என்றால், வேறு எந்த மாதத்தை விட்டாலும் இந்த ரெண்டு மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் நாள்

வருகைப் பதிவேடு போடுங்கள். எத்தனை கப் வாங்கினோம் என்பதை எண்ணாதீர்கள், மூன்று நாளாக யார் வரவில்லை என்பதை எண்ணுங்கள். இதை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு பிள்ளை விலை கொடுத்திருக்கிறான்.

2014-ல் ரெண்டு நல்ல ஸ்ட்ரைக்கர் காணாமல் போனது. ஏற்கெனவே திருடன் என்று பெயர் எடுத்த 13 வயதுப் பையன் ஒருவன்மேல் எனக்குச் சந்தேகம். எல்லோர் முன்னாலும் அவன் பையைப் பிரித்துக் கொட்டினேன். கணக்கு நோட்டும் ஒரு பழைய டிபன் பாக்ஸும் விழுந்தன. அவன் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான். நாலாம் நாள் பெருக்கும்போது ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து ஸ்ட்ரைக்கர் ரெண்டும் கிடைத்தன. போய் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது, தானாக வருவான் என்று விட்டுவிட்டேன். இருபது நாள் கழித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது. பெரும்பாக்கத்துக்குக் குடிமாறிப் போய்விட்டார்கள். அவன் எப்படி இருக்கிறான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் யார் பையையும் நான் தொட்டதில்லை. கொட்டகைச் சாவி ரெண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று ஊரில் யாருமே நம்பாத பையன் ஒருவனிடம். ஆறு மாதத்துக்கு ஒரு கை மாறும். ஒரு சாமான்கூட இதுவரை காணாமல் போனதில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். அம்மா தூங்கி எழுந்திருக்கும் நேரமாக, ஏழு மணிக்கு மேல் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். கேட்டால் அம்மா அவனைத் திட்ட ஆரம்பித்துவிடுவாள், அவன் அடுத்த தெருவுக்கு ஓடிவிடுவான். ஒரு டம்ளரில் சுண்டல் கொண்டுபோய் அம்மா கையில் கொடுங்கள். அவள் உடம்பு எப்படியிருக்கிறது, ஏலம் எப்படிப் போச்சு என்று ரெண்டு வார்த்தை பேசுங்கள். அவன் உள்ளேதான் இருப்பான், காது இங்கேதான் இருக்கும். கிளம்பும்போது வாசலில் நின்று உள்பக்கமாகப் பார்த்துச் சொல்லுங்கள்:

"டேய் தம்பி, மூணாம் போர்டுல ஒரு ஆள் கொறையுது. நாளைக்கு நாலரைக்கு."